தத்தன் நின்ற வாசல்

ஆள்மாறாட்டம் மிகப் பழைய தொழில். களவும் பொய்யும் பிறந்த அன்றே இதுவும் பிறந்திருக்க வேண்டும். களவு செய்கிறவனுக்கு இருட்டு இருந்தால் போதும். பொய் சொல்லுகிறவனுக்கு நாக்கு இருந்தால் போதும். ஆள்மாறாட்டக்காரனுக்கோ இவை போதா. மற்றொருவனுடைய மதிப்பு அவனுக்கு வேண்டும். எந்த ஊரில் எந்த உடைக்கு மதிப்பு இருக்கிறதோ, அந்த ஊரில் அந்த உடையைத் தேடிப் போட்டுக்கொள்கிறான். ஆகையால், ஒரு காலத்தின் ஆள்மாறாட்டக் கதைகளைப் படித்தால், அந்தக் காலத்து ஜனங்கள் யாரைக் கண்டு கைகூப்பினார்கள், யாரைக் கண்டு நடுங்கினார்கள், எதை எண்ணி ஏங்கினார்கள் என்பதெல்லாம் தெரிந்துபோகும். அரசர்களின் பட்டியலை நெட்டுருப் போடுவதைவிட இது நல்ல சரித்திரப் பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கதை எழுதுகிறவனுக்கு இந்த விஷயத்தில் சொந்த அக்கறையும் உண்டு. இல்லாத மனிதனை இருப்பதாக நம்பவைப்பதுதான் எங்கள் பிழைப்பும். ஒரே ஒரு வித்தியாசம்: நாங்கள் அட்டையின் மேலேயே 'நாவல்' என்று அச்சிட்டுவிடுகிறோம்.

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒரு வார்த்தை இப்போது பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடுகிறது. போலீஸ் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு எவனோ ஒருவன் டெலிபோனில் கூப்பிடுகிறான். வீட்டுக்குள்ளேயே ஆளைச் சிறைவைத்துச் சேமிப்பையெல்லாம் கறந்துவிடுகிறான். "இது கம்ப்யூட்டர் கொண்டுவந்த புது வியாதி, படித்தவர்களே ஏமாறுகிறார்களே, என்ன செய்வது?" என்று கேட்காதவர் இல்லை. கருவி புதிது என்பது வாஸ்தவம். வியாதி புதிதல்ல. அதன் லட்சணங்கள் அத்தனையையும் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்க் கவி விவரமாக எழுதி வைத்திருக்கிறார்.

சேக்கிழாரைத்தான் சொல்லுகிறேன். பெரிய புராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் கதை யாவருக்கும் தெரிந்ததே. திருக்கோவலூரில் இருந்து அரசாண்ட அந்த மன்னரைப் போரில் வெல்ல முடியாமல் பலமுறை தோற்றவன் முத்தநாதன். வாளால் முடியாததை அவன் திருநீற்றால் முடிக்க எண்ணினான். உடம்பெல்லாம் நீறு பூசி, சடை முடித்து, கையில் ஒரு புத்தகக் கட்டைப் பிடித்துக்கொண்டு அரண்மனைக்கு வந்தான். கட்டுக்குள் இருந்தது கத்தி. வாசல்தோறும் காவலர்கள் சிவனடியார் என்று எண்ணி வழிவிட்டார்கள். கடைசி வாசலில் நின்ற தத்தன் ஒருவன்தான், "மன்னர் துயில்கிறார், இது சமயமல்ல" என்று தடுத்தான். "உன் அரசனுக்கு ஆகமப் பொருள் உரைக்க வந்திருக்கிறேன், நீ தடுக்கலாகாது" என்று அதட்டிவிட்டு உள்ளே புகுந்தான் முத்தநாதன். எங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்று கொண்டுவந்திருப்பதாக மன்னரிடம் சொன்னான். அதைக் கேட்கத் தனியிடம் வேண்டும் என்றான். மன்னர் அரசியை அப்பால் அனுப்பினார். அவனை உயர்ந்த ஆசனத்தில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்து தலைகுனிந்தார். கட்டு அவிழ்ந்தது. மேலே நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை.

பக்தியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரைப் போல இந்தக் கதையைப் பாருங்கள். முத்தநாதன் கொண்டுவந்த கருவிகள் மூன்று. முதலாவது வேடம், எதிரி எதை மதிக்கிறாரோ அந்த வேடம். இரண்டாவது ஓலை, வேறு எவரிடமும் இல்லாத, உடனே கேட்டாக வேண்டிய செய்தி. மூன்றாவது தனிமை, பக்கத்தில் இருக்கும் மனைவியை அகற்றிவிடுவது. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அவன் கத்தியை எடுத்திருக்க முடியாது. உலகத்தில் அதற்குப் பிறகு நடந்த ஆள்மாறாட்டங்களை எடுத்துப் பார்த்தாலும் இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

வேடத்தின் சக்திக்கு ஜெர்மனியில் நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்லலாம். பெர்லினுக்கு அருகே கேபெனிக் என்று ஓர் ஊர். 1906 அக்டோபர் 16-ந் தேதி ராணுவ காப்டன் ஒருவர் தெருவில் போய்க்கொண்டிருந்த சிப்பாய்களை நிறுத்தி, "என் பின்னால் வாருங்கள்" என்று உத்தரவிட்டார். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களை ரயிலில் ஏற்றிக் கேபெனிக் நகரசபைக்கு அழைத்துப் போனார். வாசல்களில் காவல் நிறுத்தினார். கணக்கில் ஊழல் என்று சொல்லி நகரத் தலைவரையே கைது செய்தார். கஜானாவில் இருந்த பணத்தை எடுத்துக்கொண்டு முறைப்படி ரசீதும் எழுதிக் கொடுத்தார். பிறகு ஆளைக் காணவில்லை. அவர் காப்டனும் இல்லை, ராணுவத்தைச் சேர்ந்தவரும் இல்லை. வில்ஹெல்ம் ஃபோய்க்ட் என்ற செருப்புத் தொழிலாளி. வாழ்நாளில் பாதியைச் சிறையில் கழித்தவர். உடுப்பைப் பழைய துணிக் கடைகளில் வாங்கியிருந்தார். பத்து நாளில் பிடிபட்டார். நான்கு வருஷ தண்டனை விதித்தார்கள். 1908-ல் ஜெர்மானியச் சக்கரவர்த்தியே மன்னித்து விடுதலை செய்தார்.

உலகம் சிரித்தது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் முட்டாள்கள் அல்ல. உடுப்பைக் கண்டால் கீழ்ப்படிய வேண்டும் என்று பள்ளிக்கூடம் முதல் பட்டாளம் வரை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கற்றதை ஒழுங்காகச் செய்தார்கள், அவ்வளவுதான். ஏமாந்தவர்கள் அந்த ஊரின் நல்ல பிரஜைகள் என்பதுதான் இந்தச் சம்பவத்தின் சாரம்.

இரண்டாவது கருவியான ஓலைக்கு வருவோம். பிரான்ஸில் விடோக் என்று ஒருவர் இருந்தார். குற்றவாளியாகப் பலமுறை சிறைக்குப் போய், பிற்பாடு பாரிஸ் துப்பறியும் போலீஸுக்குத் தலைவரானவர். 1828-ல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் 'ஜெரூசலம் கடிதங்கள்' என்று கைதிகள் வழங்கிய ஒரு வித்தையை விவரிக்கிறார். சிறைக்குள் இருந்தபடியே கைதிகள் வெளியூர்ப் பணக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவார்கள். புரட்சிக்குப் பயந்து ஓடிய ஒரு பிரபுவின் வேலைக்காரன் நான், வழியில் நகைப் பெட்டியை ஒளித்துவைத்தோம், அதை மீட்கச் சிறு தொகை வேண்டும், பாதி உங்களுக்கு. கடிதத்தின் சாரம் இதுதான். நூறு கடிதம் போட்டால் இருபதுக்குப் பதில் வரும் என்று விடோக் கணக்குச் சொல்லுகிறார். இதுவே பிறகு 'ஸ்பெயின் தேசத்துக் கைதி' என்ற பெயரில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறியது. ஸ்பெயின் சிறையில் வாடும் செல்வந்தர், அவருக்கு ஒரு பெண், எங்கோ புதைந்திருக்கும் பணம். 1898-லேயே நியூயார்க் பத்திரிகை ஒன்று இதைப் பழைய மோசடி என்று எழுதியிருக்கிறது. சென்ற நூற்றாண்டின் கடைசியில் நைஜீரியாவிலிருந்து வந்த கடிதங்களும் ஈமெயில்களும் இதன் பேரப்பிள்ளைகளே. அந்தத் தேசத்துக் குற்றச் சட்டத்தின் பிரிவு எண்ணைக் கொண்டு '419' என்றே அவற்றுக்குப் பெயர். இதில் ஒரு வேடிக்கை: 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் ஆள்மாறாட்ட மோசடிக்குத் தண்டனை சொன்ன பிரிவு 419 தான். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சம்ஹிதையில் அது 319-வது பிரிவு.

ஓலை பேராசையை மட்டும் தூண்டும் என்று எண்ணிவிடக் கூடாது. பாசத்தையும் தூண்டும். அதற்கு இங்கிலாந்தின் டிச்போர்ன் வழக்கு சாட்சி. ரோஜர் டிச்போர்ன் என்ற பிரபு குடும்பத்து இளைஞர் 1854-ல் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறினார். கப்பல் கடலில் மறைந்தது. அவருடைய தாய் மட்டும் மகன் இறந்தான் என்பதை ஒப்புக்கொள்ள மறுத்தாள். 1865-ல் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தாள். வாகா வாகா என்ற ஊரில் கசாப்புக் கடை வைத்திருந்த ஒருவன், "நான்தான் உங்கள் மகன்" என்று கிளம்பினான். ரோஜர் ஒல்லியானவர், வந்தவனோ பருத்த தேகி. ரோஜர் பாரிஸில் வளர்ந்தவர், பிரெஞ்சு அவருக்குத் தாய்ப்பால் மாதிரி. வந்தவனுக்கு அந்தப் பாஷை தெரியாது. 1867 ஜனவரியில் பாரிஸ் ஹோட்டல் ஒன்றின் மங்கிய வெளிச்சத்தில் தாய் அவனைப் பார்த்தாள். மகன்தான் என்று உடனே சொல்லிவிட்டாள். வருஷத்துக்கு ஆயிரம் பவுன் படியும் அளித்தாள். அடுத்த வருஷமே இறந்துபோனாள். ரோஜரின் கையில் பச்சை குத்தியிருந்தது என்று பழைய பள்ளித் தோழர் ஒருவர் சாட்சி சொன்னபோது 1872-ல் சிவில் வழக்கு சரிந்தது. வந்தவன் கையில் அது இல்லை. அடுத்த குற்ற வழக்கு 188 நாள் நடந்தது. 1874-ல் பதினான்கு வருஷ தண்டனை கிடைத்தது.

அந்தத் தாயை எண்ணி நான் சிரித்ததில்லை. அவளை ஏமாற்றியது அந்தக் கசாப்புக்காரன்தானா? பன்னிரண்டு வருஷமாக அவள் மனத்திலேயே மகன் உயிரோடிருந்தான். வந்தவன் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தான். இன்று, "அம்மா, என் போன் உடைந்துவிட்டது, இது புது நம்பர், அவசரமாகப் பணம் வேண்டும்" என்று வாட்ஸப்பில் செய்தி அனுப்புகிறவனும் அதே நாற்காலியைத்தான் தேடுகிறான். பிள்ளைகள் தூர தேசத்தில் இருக்கும் வீடுகளில் அந்த நாற்காலி எப்போதும் காலியாகவே இருக்கிறது.

"கூர்ந்து கவனித்தால் கண்டுபிடித்துவிடலாம்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு வழக்குகளை நினைவூட்டுகிறேன். பிரான்ஸின் தெற்கே அர்த்திகா என்ற கிராமத்திலிருந்து மார்ட்டின் கெர் என்ற குடியானவன் 1548-ல் வீட்டைவிட்டு ஓடிப்போனான். 1556-ல் ஒருவன் திரும்பி வந்தான். மனைவி ஏற்றாள், சகோதரிகள் ஏற்றார்கள், ஊர் ஏற்றது. சொத்துத் தகராறு வந்தபோது சிற்றப்பன் வழக்குத் தொடுத்தான். சுமார் 150 பேர் சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒரு கூட்டம் 'ஆம், இவன்தான்' என்றது. ஒரு கூட்டம் 'அல்ல' என்றது. மீதிப் பேர் 'சொல்ல முடியவில்லை' என்றார்கள். ஊர்ச் செருப்புத் தொழிலாளி ஒருவர் மட்டும், மார்ட்டினின் கால் பெரிது, இவன் கால் சிறிது என்று அளவு காட்டினார். துலூஸ் நகர நீதிபதிகள் கைதியை விடுவிக்கும் தறுவாயில் இருந்தபோது, மரக்காலை ஊன்றிக்கொண்டு உண்மையான மார்ட்டின் கோர்ட்டுக்குள் வந்து நின்றான். ஆர்னோ து தில் என்ற போலி மனிதனை 1560 செப்டம்பரில் தூக்கிலிட்டார்கள். கேபெனிக்கில் ஏய்த்தவர் ஒரு செருப்புத் தொழிலாளி. அர்த்திகாவில் உண்மையை அளந்தவரும் ஒரு செருப்புத் தொழிலாளி. தொழிலில் ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இரண்டாவது நம் தேசத்து வழக்கு. டாக்காவுக்கு அருகே பாவல் ஜமீனின் இரண்டாவது குமாரர் 1909-ல் டார்ஜிலிங்கில் இறந்ததாகச் சொல்லப்பட்டது. 1921-ல் ஒரு சந்நியாசி, "நானே அந்தக் குமாரன்" என்றார். மனைவி மறுத்தாள், சகோதரி ஏற்றாள். 1930-ல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 1936-ல் டாக்காவில் நீதிபதி பன்னாலால் பாசு, சந்நியாசியே குமாரர் என்று தீர்ப்பளித்தார். கல்கத்தா ஹைகோர்ட்டும் அதை உறுதிப்படுத்தியது. 1946-ல் லண்டன் பிரிவி கவுன்ஸிலும் அப்பீலைத் தள்ளியது. சில நாட்களில் குமாரர் காலமானார். இங்கே போலி என்று தள்ளப்பட்டவர் அசல் என்று முடிந்தது.

ஒரு மனிதன் தான் சொல்லுகிற ஆள்தானா என்று தீர்மானிக்கச் சட்ட நிபுணர்களுக்குப் பதினாறு வருஷம் பிடித்திருக்கிறது. டெலிபோனில் வருகிறவனோ பதினாறு நிமிஷத்தில் தீர்மானி என்கிறான். அப்படித் தீர்மானிக்கக் கூடிய மனிதர் எவரும் இல்லை. ஆகவே முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு, பேச்சை எடைபோட்டு உண்மையைக் கண்டுபிடிக்கும் முயற்சியையே விட்டுவிட வேண்டும். அது நமக்கு உரிய வேலை அல்ல.

குரல் என்றதும் 1971-ல் டில்லியில் நடந்தது நினைவுக்கு வருகிறது. மே 24-ந் தேதி, பார்லிமெண்டுத் தெருவில் உள்ள ஸ்டேட் பாங்கியின் தலைமைக் காஷியருக்கு டெலிபோன் வந்தது. பேசியது பிரதம மந்திரி இந்திரா காந்தியின் குரல். வங்க தேசத்து ரகசிய காரியத்துக்கு 60 லட்சம் ரூபாய் வேண்டும், வருகிறவர் அடையாள வார்த்தை சொல்லுவார், கொடுத்துவிடுங்கள் என்றது குரல். காஷியர் பணத்தைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போய் வழியில் ஒருவரிடம் ஒப்படைத்தார். பிறகு ரசீது வாங்கப் பிரதமர் வீட்டுக்குப் போனபோதுதான் அப்படி ஒரு டெலிபோனே அங்கிருந்து போகவில்லை என்று தெரிந்தது. அன்றே ஆளைப் பிடித்தார்கள். பணத்தில் பெரும்பகுதியும் கிடைத்தது. நாகர்வாலா என்ற அந்த மாஜி ராணுவ அதிகாரிக்குச் சில நாட்களிலேயே நான்கு வருஷ தண்டனை விதித்தார்கள். 1972-ல் அவர் இறந்தார். வழக்கைப் பற்றிய சந்தேகங்கள் தீராமல், 1977-ல் ஒரு விசாரணைக் கமிஷனும் நியமிக்கப்பட்டது. சந்தேகங்கள் ஒரு புறம் இருக்கட்டும். காஷியர் பிற்பகலில் செய்ததை முற்பகலில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரதமர் வீட்டுக்குத் தாமாக ஒரு டெலிபோன். அவ்வளவே. எல்லாத் தடுப்பு மருந்தும் அதற்குள் இருக்கிறது.

இனி இன்றைய கதைக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஆயுளில் ஒரு நாள் பஸ்ஸில் டிக்கட்டு எடுக்காமல் போனவர் அல்ல. அவருக்கு வந்த அழைப்பில், அவர் பெயரில் ஒரு பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டிருப்பதாகச் சொன்னார்கள். வீடியோவில் காக்கி உடுப்பு, பின்னால் மேஜை, கொடி, எல்லாம் இருந்தன. அவருடைய ஆதார் எண்ணைச் சொன்னார்கள். சர்க்கார் முத்திரையோடு காகிதம் அனுப்பினார்கள். கேமராவை அணைக்கக் கூடாது, எவரிடமும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் அவர்களும் வழக்கில் சேர்வார்கள் என்றார்கள். இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். விசாரணை முடியும்வரை 'பத்திரமாக' வைப்பதற்காக என்று சொல்லிச் சேமிப்பில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டார்கள்.

வேடம், ஓலை, தனிமை! முத்தநாதன் ஒன்றையும் மறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துத்தான் அவர் என்னிடம் இதைச் சொன்னார். "தம்பி, பணம் போனதுகூடப் பெரிதில்லை. பக்கத்து அறையில் அவள் காபி போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிடு தூரம். நான் கூப்பிடவில்லை" என்றார்.

"ஐயா, அவளுக்கும் ஆபத்து வந்துவிடக் கூடாது என்றுதானே கூப்பிடவில்லை?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மூன்று மாதமாக அந்த மனிதர் தம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருக்கிறார். பணத்தை எடுத்துப் போனவன் எங்கேயோ நிம்மதியாக இருக்க, பறிகொடுத்தவர் வெட்கப்படுகிறார். இந்த வெட்கத்தைத்தான் நான் பொறுக்க மாட்டேன் என்கிறேன்.

அவர் தனி ஆள் அல்ல. 2024-ன் முதல் நான்கு மாதங்களில் மட்டும் இந்த 'டிஜிட்டல் அரெஸ்ட்' வகையில் 120 கோடி ரூபாய்க்கு மேல் பறிபோனதாக மத்திய சர்க்கார் கணக்குச் சொல்லியது. அந்த வருஷம் ஆகஸ்டில் லூதியானாவில் பெரிய நூல் ஆலை நிறுவனத்தின் தலைவர், எண்பது வயதைத் தாண்டியவர், 7 கோடி ரூபாயை இழந்தார். அவருக்காகப் போலியாக ஒரு சுப்ரீம் கோர்ட்டையே வீடியோவில் நடத்தினார்கள். தலைமை நீதிபதியாகவும் ஒருவன் நடித்தான். அதே வருஷ ஆரம்பத்தில் ஹாங்காங்கில், கம்ப்யூட்டரால் தயாரித்த போலி முகங்களையும் குரல்களையும் மேலதிகாரிகள் என்று நம்பி, ஒரு நிறுவனத்தின் ஊழியர் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். 2024 அக்டோபரில் பிரதமர் தம் வானொலிப் பேச்சில் இதைப் பற்றி எச்சரித்தார். 2025 அக்டோபரில், தன் பெயரிலேயே போலி உத்தரவுகள் உலவுவதைக் கண்டு சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? முத்தநாதனின் மூன்று கருவிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும்.

வேடத்தை நம்பவும் வேண்டாம், நம்பாமலிருக்கவும் வேண்டாம். டெலிபோனை வைத்துவிட்டு, அந்த ஆபீஸின் நம்பரை நாமே தேடி, நாமே கூப்பிட வேண்டும். கூப்பிட்டவன் கொடுத்த நம்பரைக் கூப்பிடுவது, திருடனிடமே பூட்டுச் சாவி கேட்பது போல. திரையில் தெரியும் நம்பரும் சாட்சி அல்ல; அதையும் மாற்றிக் காட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உண்மையான அதிகாரி நாம் சரிபார்ப்பதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்கிறவன் அதிகாரி அல்ல. மகன் பெயரில் புது நம்பரிலிருந்து செய்தி வந்தால், பழைய நம்பரைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாள வார்த்தையை வைத்துக்கொள்வதும் நல்லது.

ஓலையை ஆறப்போட வேண்டும். வீடியோவில் கைது செய்வது என்று நம் சட்டத்தில் ஒன்றும் கிடையாது. விசாரணைக்காகப் பணத்தை இன்ன கணக்குக்கு மாற்று என்று எந்தப் போலீஸும், எந்தக் கோர்ட்டும், ரிஸர்வ் பாங்கியும் கேட்பதில்லை. ஓ.டி.பி. எண்ணைப் பாங்கிக்காரர் கேட்பதில்லை. யு.பி.ஐ.யில் பணம் வாங்க ரகசிய எண் தேவையில்லை, கொடுக்கத்தான் தேவை. நம் ஆதார் எண் அவனுக்குத் தெரிந்திருக்கிறதே என்றால், அது எத்தனையோ மேஜைகளில் எழுதிக் கொடுத்த எண். அவன் வாயில் அது வருவது அவனுக்கு அதிகாரம் உண்டு என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

மூன்றாவதான தனிமையே எல்லாவற்றிலும் பெரியது. "எவரிடமும் சொல்லாதே" என்ற வார்த்தை காதில் விழுந்த அந்த நிமிஷமே, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டும். மனைவியோ, பேரனோ, எதிர்வீட்டுக்காரரோ, எவராயினும் சரி. இரண்டாவது மனிதர் அறைக்குள் வந்ததும் பாதி மாயம் கலைந்துவிடும். பணம் போய்விட்டால், அழுதுகொண்டிருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்; பாங்கிக்கும் சொல்ல வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவுவதற்கு முன் தடுத்து நிறுத்த அப்போதுதான் வழி உண்டு. வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணியும் திருடனுக்குக் கொடுக்கும் அவகாசம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த அழைப்புகள் எங்கிருந்து வருகின்றன? பல அழைப்புகள் கம்போடியா, மியான்மர் போன்ற தேசங்களில் முள்வேலிக்குள் நடக்கும் மோசடிக் கூடங்களிலிருந்து வருகின்றன. நல்ல சம்பளத்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி அழைத்துப்போன இளைஞர்களை அங்கே அடைத்துவைத்து, அடித்து, ஏமாற்றும் வேலை வாங்குகிறார்கள். 2022 அக்டோபரில் மியான்மரின் மியாவதியிலிருந்து மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்தவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தக் காலத்து மோசடிக்காரன் ஸ்பெயின் சிறையில் ஒரு கைதி இருப்பதாகக் கற்பனை செய்து கடிதம் எழுதினான். இன்று போலீஸ்காரன் என்று அதட்டுகிறவனே கைதியாக இருக்கக் கூடும். அவனும் முதலில் ஒரு பொய்யான ஓலையை நம்பித்தான் அங்கே போனான்.

இதையெல்லாம் படித்தபின், மனிதரை நம்புவதையே விட்டுவிட வேண்டுமா என்ற கேள்வி எழும். குத்துண்டு விழுந்த நிலையிலும் மெய்ப்பொருள் நாயனார், ஓங்கிய தத்தனின் வாளைத் தடுத்து, வந்தவன் நம்மைச் சேர்ந்தவனே என்றார். அந்த வேடத்தின் மேல் வைத்த மதிப்பை ஒரு கயவனுக்காக விட்டுக்கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. அது பெரியவர்களின் வழி. அதைத் தூற்ற எனக்கு வாயில்லை. ஆனால் அவர் கொடுத்தது தம் உயிரை. பென்ஷன் பணத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்த வழி ஆகாது. நம்மைப் போன்ற சாமானியர்களுக்குத் தத்தனின் வழியே போதும். அவன் அடியாரை வெறுத்தவன் அல்ல, அவமதித்தவனும் அல்ல. இது சமயமல்ல, கொஞ்சம் நில்லுங்கள் என்றான், அவ்வளவுதான். அதட்டலுக்கு அஞ்சி வழிவிட்டது ஒன்றே அவன் குறை.

வீட்டுக்கு ஒரு தத்தன் வேண்டும். சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருக்கும் அம்மாளும் அந்த வேலைக்குப் போதுமானவள். அவளைக் கூப்பிட வேண்டும்.